சோயா மாவில் ஒட்டிய பலகை

1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் நடந்த பொருட்காட்சியில், உள்ளூர் மர ஆலை ஒன்று டக்ளஸ் ஃபர் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, விலங்குப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகைகளைக் காட்சிக்கு வைத்தது. அந்நாட்டின் வடமேற்கில் பிளைவுட் பெருந்தொழிலாக வளர்ந்த கதை அங்கே தொடங்குகிறது. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை வளரும் தொழிலுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1920களில் சியாட்டில் நகரத்து லாக்ஸ் என்பவரின் ஆய்வகத்திலிருந்து அதற்கு மாற்று வந்தது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயாப் பிண்ணாக்கை மாவாக அரைத்து, எரிசோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்த பசை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைப் பிசின்கள் வந்து ஒதுக்கித் தள்ளும்வரை அந்த வட்டாரத்து ஆலைகளில் சோயாப் பசைக்கு நல்ல மரியாதை இருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் கழித்து, அதே ஓரிகனில், சோயா மாவு மறுபடியும் பிளைவுட் ஆலைக்குள் நுழைந்தது.

பசுமை வேதியியல் என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் துறையிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்ற இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறோர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பழைய சோயாப் பசை தோற்றதற்குக் காரணம் தண்ணீர். ஈரம் பட்டால் ஒட்டு நெகிழ்ந்தது, பூஞ்சணம் பிடித்தது. அதற்குப் பதிலாக வந்த யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினோ ஓர் ஆலை முதலாளி கனவில் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கொடுத்தது. யூரியாவும் சரி, மெத்தனாலிலிருந்து எடுக்கும் ஃபார்மால்டிஹைடும் சரி, டன் கணக்கில் மலிவாகக் கிடைப்பவை. பிசின் தண்ணீரில் கலக்கும், நிறமற்றது, அம்மோனியம் குளோரைடு போன்ற உப்பைச் சிறிது சேர்த்துச் சூடான அழுத்தியில் வைத்தால் மிக விரைவில் கல்லாக இறுகிவிடும். 1941-இல் ஜெர்மனியின் பிரேமென் நகரில் மரத்துகள்களை ஒட்டிப் பலகையாக்கும் தொழில் ஆலை அளவில் தொடங்கியபோது, பார்ட்டிகிள் போர்டு என்ற பொருளுக்கு எதிர்காலம் கொடுத்ததும் செயற்கைப் பிசின்தான். இன்று நம் வீட்டு அலமாரி, சமையலறைப் பெட்டிகள், கட்டிலின் தலைமாட்டுப் பலகை, படிப்பு மேசை ஆகியவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பது இந்தப் பிசின்.

அதன் குறை அதன் பிணைப்பிலேயே இருக்கிறது. யூரியா மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கும் கொக்கிகளாக ஃபார்மால்டிஹைடு செயல்படுகிறது. இந்தக் கொக்கிகளில் ஒரு பகுதி கார்பன் பாலங்கள், ஒரு பகுதி நடுவில் ஆக்சிஜன் உள்ள ஈதர் பாலங்கள். பிசின் உருவான வினை இருவழி வினை என்பதால், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கொக்கிகள் மெல்ல மெல்லக் கழன்று ஃபார்மால்டிஹைடு வாயுவாகவே திரும்பி வெளியேறும். பிசினை இறுகச் செய்வதற்காகச் சேர்த்த அமிலத்தன்மை பலகைக்குள் தங்கிவிடுவதால் அதுவும் இந்த நீராற்பகுப்பைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே பலகை ஆலையை விட்டு வெளிவரும்போது இரண்டு வகையான ஃபார்மால்டிஹைடைச் சுமந்து வருகிறது. வினையில் சேராமல் மிஞ்சி நிற்பது ஒன்று; பிசின் சிதையச் சிதைய இனிமேல் பிறக்கப்போவது மற்றொன்று.

வேதியியல் படித்தவன் என்பதால் புதுவீடு கட்டும் உறவினர்கள் என்னைக் கேள்வி கேட்பது வழக்கம். அத்தை மகன் வீட்டில் மாடுலர் கிச்சன் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பெட்டிகளைத் திறந்தால் கண் எரிகிறது என்று அவன் மனைவி சொல்ல, ஆசாரி சமாதானமாகப் பதில் சொன்னார்: “கதவெல்லாம் பத்து நாள் திறந்து போட்டு வைங்கம்மா, வாசனை தன்னால போயிடும்.” அவர் சொன்னதில் பாதி சரி. முதல் வகை வாயு அப்படித்தான் போகும். தொடக்கத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி குறைவதும் உண்மை. இரண்டாவது வகையோ ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு அடைமழையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கும், மூக்குக்கு எட்டாத அளவில். அந்தப் பெட்டிகளைக் குனிந்து பார்த்தபோது, வெளியே தெரியும் முகமெல்லாம் சன்மைக்காவும் எட்ஜ் பேண்டுமாக ஜொலித்தன. சுவரைப் பார்த்த பின்பலகை, குழாய்க்காக வெட்டிய ஓட்டை, கீல் பொருத்தத் துளைத்த குழிகள், தரையை நோக்கிய அடிவிளிம்பு எல்லாம் துகள் தெரியும்படி பச்சையாகவே இருந்தன. லேமினேட் ஒட்டிய முகப்பின் வழியே வாயு அதிகம் கசிவதில்லை. அது வெளியேறும் வாசல்கள் இப்படி மூடாமல் விட்ட இடங்கள்தாம்.

உடல்நலம் பற்றிய பகுதியை நீட்டத் தேவையில்லை. ஃபார்மால்டிஹைடு கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களைத் தொல்லைப்படுத்தும் என்பது பழைய செய்தி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் அதைச் சேர்ப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது. மூக்குக்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதியில் வரும் புற்றுநோய் அப்போது முதன்மைச் சான்றாக இருந்தது. வீட்டுக் காற்றுக்கு அந்த அமைப்பு கொடுத்திருக்கும் வழிகாட்டு அளவு, அரை மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது நூறு கோடியில் ஏறத்தாழ 80 பங்கு. நம் உடலே வளர்சிதை மாற்றத்தில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடைச் செய்கிறது, பச்சை மரமும் சிறிதளவு வெளிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபார்மால்டிஹைடே இல்லாத மரம் என்று ஒன்று கிடையாது. ஒழிக்க முடிவது நாமாகச் சேர்த்ததை மட்டும்தான்.

அமெரிக்கப் பொதுமக்களுக்கு இந்தச் சங்கதி உறைத்தது கத்ரீனா புயலுக்குப் பிறகு. 2005-இல் வீடிழந்தவர்களை அரசு இழுவை வண்டி வீடுகளில் குடிவைத்தது. சின்னஞ்சிறு அறைகள், நாலாபுறமும் மலிவான பலகை, அடைத்த சன்னல்கள். குடியிருந்தவர்கள் தலைவலி, மூக்கில் ரத்தம், மூச்சுத்திணறல் என்று முறையிட்டார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலுமாக 519 வண்டி வீடுகளில் அளந்தபோது சராசரி, நூறு கோடியில் 77 பங்காக இருந்தது. மிக மோசமான வீட்டில் 590. அளந்தது குளிர்காலத்தில் என்பதையும், கோடையில் அளவு இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பதையும் அந்த மையமே ஒப்புக்கொண்டது. புகார்கள் எழுந்து அளவெடுப்பு தொடங்குவதற்குள் ஒன்றிரண்டு கோடைகள் கழிந்திருந்தன என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ஆலைகள் அதற்குள் சும்மா இருக்கவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வீடுகள் காற்றுப் புகாமல் கட்டப்பட்டு, புகார்கள் பெருகத் தொடங்கியதிலிருந்தே, பிசினில் யூரியாவுக்கு எதிரான ஃபார்மால்டிஹைடின் விகிதம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வந்தது. ஒரு பங்கு யூரியாவுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் இருந்தது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. கொக்கிகளை வலுப்படுத்த மெலமின் சேர்க்கப்பட்டது. வெளியேறும் வாயுவைப் பிடித்துக்கொள்ள, இறுகும் நேரத்தில் கூடுதல் யூரியா சேர்க்கப்பட்டது. இவை எல்லாம் பயனுள்ளவை, இவற்றால் வெளியேற்றம் பல மடங்கு குறைந்திருக்கிறது. ஆனால் விகிதத்தைக் குறைக்கக் குறைக்கப் பலகையின் வலுவும் ஈரத்தாங்குதிறனும் குறைகின்றன, அழுத்தியில் நேரம் கூடுகிறது. கழலும் கொக்கியை வைத்துக்கொண்டே அதைக் கழலாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அதற்கு எல்லை உண்டு.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் பன்னிரண்டு கோட்பாடுகளில் முதலாவது, கழிவு உண்டான பின் அதைச் சுத்தம் செய்வதைவிட அது உண்டாகாமலே தடுப்பது நல்லது என்பது. கேட்பதற்கு நம் பாட்டிமார்கள் சொல்லக்கூடிய அறிவுரை போலத்தான் இருக்கிறது. பசைக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும். வாயுவை உறிஞ்சும் வண்ணப்பூச்சு, காற்றுச் சுத்திகரிப்பான், மூலையில் வைக்கும் செடி எல்லாமே உண்டான பின் செய்கிற வேலைகள். (செடியைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரு சாதாரண அறைக்குப் பயன்படும்படி செடிகளால் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், அறையில் மனிதர் நிற்க இடமிருக்காது.) கொக்கியாகவே ஃபார்மால்டிஹைடைப் பயன்படுத்தாத பசை வேண்டும் என்று கேட்பதுதான் அந்த முதல் கோட்பாட்டை உண்மையாக எடுத்துக்கொள்வது.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் பேராசிரியராக இருந்த கைசாங் லி கண்டார். பசிபிக் கரையில் அலை அடிக்கும் பாறைகளில் கறுப்புச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் குமரிக் கடற்கரையில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களும் அதை இரும்புக் கருவி கொண்டு பெயர்த்துத்தான் எடுக்கிறார்கள். அந்தச் சிப்பி, தன் காலிலிருந்து சுரக்கும் புரதத்தை நூல்களாக இழுத்துப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது. உப்புநீருக்குள்ளேயே ஒட்டு விழுகிறது, உப்புநீருக்குள்ளேயே இறுகுகிறது, வாழ்நாள் முழுதும் நனைந்தும் விடுவதில்லை. பழைய சோயாப் பசை தண்ணீரிடம் தோற்றது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், லி ஏன் அதை உற்றுநோக்கினார் என்பது விளங்கும். சிப்பியின் புரதமும் புரதம்தான், சோயாவின் புரதமும் புரதம்தான். வேறுபாடு எந்தெந்த அமினோ அமிலங்கள், எந்தெந்த வினைத்தொகுதிகள் என்பதில் இருக்கிறது. சிப்பியின் ஒட்டுப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலமும் அதன் கேட்டகால் தொகுதிகளும் நிறைந்திருக்கின்றன, லைசினும் உண்டு. சோயாவில் டோபா கிடையாது.

சிப்பிப் புரதத்தைப் பலகை ஆலைக்கு வேண்டிய அளவில் எடுப்பது நடவாத காரியம். கைப்பிடி அளவு புரதத்துக்கே சிப்பிகளைக் குவியல் குவியலாகக் கொல்ல வேண்டும். எனவே லியின் குழு, மலிவாகக் கிடைக்கும் சோயாப் புரதத்தைச் சிப்பியின் புரதத்தைப் போல் நடக்கச் செய்ய முயன்றது. கேட்டகால் போன்ற தொகுதிகளைச் சோயாப் புரதத்தின்மேல் வேதிமுறையில் பொருத்திப் பார்த்தபோது ஒட்டின் வலுவும் ஈரத்தாங்குதிறனும் கூடின. ஆனால் அது ஆய்வகத்துக் குடுவையோடு நிற்கும் வழி. தொழிலுக்கு ஏற்ற வழி காகித ஆலையிலிருந்து கிடைத்தது. தேயிலைப் பை வெந்நீரில் கரைந்துபோகாமலும், கை துடைக்கும் தாள் நனைந்தும் கிழியாமலும் இருப்பதற்குக் காகிதக்காரர்கள் நெடுங்காலமாகச் சேர்த்துவரும் ஒரு பிசின் உண்டு. பாலி-அமிடோ-அமின்-எபிகுளோரோஹைட்ரின் என்பது அதன் நீண்ட பெயர். பிஏஇ என்று சுருக்குவோம். நான்கு அணுக்கள் இறுக்கமாக வளைந்து நிற்கும் சிறு வளையங்கள் அதன் சங்கிலி நெடுகிலும் இருக்கின்றன. சூடேறும்போது அந்த வளையங்கள் திறந்து, சோயாப் புரதத்தின் அமின் தொகுதிகளையும் கார்பாக்சில் தொகுதிகளையும் பற்றிக்கொள்கின்றன. இப்படி உண்டாகும் வலைப்பின்னல் தண்ணீருக்கு எளிதில் அவிழ்வதில்லை. ஃபார்மால்டிஹைடு அதில் மூலப்பொருளாகவும் இல்லை, விளைபொருளாகவும் இல்லை.

அந்தப் பிசினைச் செய்த ஹெர்குலிஸ் நிறுவனமும், கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் என்ற பிளைவுட் நிறுவனமும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதை ஆலைக்குக் கொண்டுபோயின. 2006 ஓர் ஆண்டில் மட்டும் கொலம்பியா நிறுவனம் 4.7 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21,000 டன், ஃபார்மால்டிஹைடுப் பசைக்குப் பதிலாகச் சோயாப் பசையைப் பயன்படுத்தியது. அதன் பிளைவுட் ஆலைகள் அனைத்தும் மாறின. ஒவ்வோர் ஆலையிலிருந்தும் வெளியேறிய தீங்கான காற்று மாசுகள் 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்தன. 2007-இல் இந்த மூவருக்கும் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விலை. உட்புறப் பயன்பாட்டுப் பிளைவுட்டில் இந்தப் பசை யூரியாப் பிசினுக்குப் போட்டியிடும் விலையில் கிடைத்தது, வலுவிலும் ஈரத்தாங்குதிறனிலும் அதை மிஞ்சியது. நல்லெண்ணத்துக்காகக் கூடுதல் விலை கொடுங்கள் என்று வாங்குபவரிடம் கேட்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. ஆலைக்குள் அழுத்தியின் பக்கத்தில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியின் காற்றும் மாறியது. வீட்டுக் காற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல பசை ஏன் உலகெங்கும் பரவவில்லை என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தண்ணீரிலும் பாகுநிலையிலும் இருக்கிறது. யூரியாப் பிசினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திடப்பொருள். அப்படியும் அது நீர் போல ஓடும், மரத்துகளின்மேல் பனி போலத் தெளிக்கலாம். சோயா மாவு கரைசலில் ஊறிப் பெருத்துக் கூழாகிவிடும். ஓடும் அளவுக்கு நீர்க்கச் செய்தால் பலகைக்குள் நீர் அதிகமாகிறது. சூடான அழுத்தியில் அந்த நீர் ஆவியாகி, அழுத்தியைத் திறக்கும்போது பலகையை நடுவில் வெடிக்கச் செய்கிறது. அதைத் தவிர்க்க அழுத்தியில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். அழுத்தி நேரம்தான் பலகை ஆலையின் வருமானம். பிளைவுட்டில் பசையை உருளையால் ஏட்டின்மேல் தடவுவதால் கூழ் நிலை பெரிய தடையில்லை. துகளையும் நாரையும் ஒட்ட வேண்டிய பார்ட்டிகிள் போர்டிலும் எம்டிஎஃப்பிலும்தான் சிக்கல். மலிவான அறைக்கலன்களில் அதிகம் புழங்குபவையும் அவையே என்பதால் இது சின்னக் குறையில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிஏஇ செய்யப் பயன்படும் எபிகுளோரோஹைட்ரின் தன்னளவில் நச்சுப்பொருள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற வகுப்பில் வைக்கப்பட்டிருப்பது. பிசின் செய்யும் வினையில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் வேதியியல் ஆலையில் அதைக் கையாள்பவர் இருக்கிறார். இதே வாதம் எம்டிஐ எனப்படும் ஐசோசயனேட்டுப் பசைக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பலகை என்று விற்கப்படுவனவற்றில் கணிசமானவை இதனால் ஒட்டப்பட்டவை. ஐசோசயனேட்டு என்றதும் நம்மவர்களுக்குப் போபால் நினைவுக்கு வரும். அது மெத்தில் ஐசோசயனேட்டு, எளிதில் ஆவியாகிற வேறொரு பொருள். எம்டிஐ அப்படி ஆவியாவதில்லை, இறுகிய பின் வீட்டில் தொல்லை தருவதுமில்லை. இறுகுமுன் அதை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமா வரக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் அதைக் கையாள்வோருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எம்டிஐ செய்வதற்கு அனிலினோடு ஃபார்மால்டிஹைடைத்தான் முதலில் வினைப்படுத்துகிறார்கள், பிறகு ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவை. ஃபார்மால்டிஹைடு வீட்டிலிருந்து விலகி ஆலைக்குள் போய்விட்டது. குழந்தைகள் உறங்கும் அறையைவிடக் கண்காணிப்புள்ள ஆலை அதற்கு ஏற்ற இடம் என்று ஒருவர் வாதிடலாம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

சட்டம் இல்லாமல் மற்ற ஆலைகளும் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 2007-இல் நிறைவேற்றிய விதி, ஹார்ட்வுட் பிளைவுட்டுக்குப் பத்து லட்சத்தில் 0.05 பங்கு, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்டிஎஃப்புக்கு 0.11 என்று இறுதி வரம்பு வைத்தது. அப்போது சோயாப் பலகை ஏற்கெனவே சந்தையில் விற்பனையாகிக்கொண்டிருந்ததால், இந்த அளவெல்லாம் நடவாத காரியம் என்று ஆலைகளால் எளிதில் சொல்ல முடியவில்லை. 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதே வரம்புகளை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. நடைமுறைக்கு வர 2018 ஆகிவிட்டது. ஜப்பான் அதற்கு முன்பே, 2003-இல், கட்டடச் சட்டத்தைத் திருத்தி, மிகக் குறைந்த வெளியேற்றத்துக்கான நான்கு நட்சத்திரம் பெற்ற பலகையை மட்டும் உள்ளறைகளில் அளவு வரம்பின்றிப் பயன்படுத்தலாம் என்று வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்டு முதல் மர அறைக்கலன்களுக்குக் கன மீட்டருக்கு 0.062 மில்லிகிராம் என்ற வரம்பைக் கொண்டுவருகிறது. இ-1 என்ற பழைய ஐரோப்பிய அளவின் சரிபாதி அது.

நம் நாட்டுக் கடைகளிலும் இ-1, இ-2 என்ற எழுத்துகள் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு அட்டவணைகளில் தென்படுகின்றன. இ-1 என்றால் நூறு கிராம் உலர்ந்த பலகையில் 8 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது. பிளைவுட்டில் எம்ஆர் (ஈரம் தாங்கும் ரகம்) என்று கேட்டால் வருவது பெரும்பாலும் யூரியாப் பிசினில் ஒட்டியது. பிடபிள்யூபி (கொதிநீர் தாங்கும் ரகம்) என்றோ, 710 (அதற்கான இந்தியத் தர எண்) என்றோ கேட்டால் வர வேண்டியது ஃபீனால்-ஃபார்மால்டிஹைடில் ஒட்டியது. பெயரில் ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் ஃபீனால் பிசினின் பாலங்கள், யூரியாவில் போல நைட்ரஜனோடு அல்லாமல் கார்பனோடு கார்பனாக இணைந்த, தண்ணீரில் கழலாத பாலங்கள் என்பதால், அது வெளிவிடும் வாயு மிகக் குறைவு. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஏடுகளுக்கு நடுவே ஃபீனால் ஒட்டு கரும்பழுப்புக் கோடாகத் தெரியும், யூரியா ஒட்டு வெளிறித் தெரியும். சாயம் கலந்தும் கோட்டைக் கறுக்க வைக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். முத்திரையையும் ஆலையின் சோதனைச் சான்றையும் கேட்க வேண்டும்.

சோதனை என்று வரும்போது எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அமெரிக்கச் சோதனைப்பெட்டியில் பலகை 25 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கப்படுகிறது. ஐரோப்பியப் பெட்டியில் 23 டிகிரி, 45 சதவீதம். சென்னையில் அப்படியொரு நாள் இருந்தால் அதைத் திருவிழாவாகவே கொண்டாடலாம். ஃபார்மால்டிஹைடு அளவீடுகளை ஒரு வெப்பநிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 1980 முதல் பயன்பட்டுவரும் பெர்கே சூத்திரத்தில் 34 டிகிரியையும் 70 சதவீத ஈரப்பதத்தையும் இட்டுக் கணக்கிட்டால், விடை 25 டிகிரி, 50 சதவீதம் என்ற நிலையைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு வருகிறது. நம் வீடுகளில் சன்னல் திறந்திருக்கும், மின்விசிறி சுழலும் என்பதால் வாயு தேங்காது என்று பதில் சொல்லலாம். பகலில் அது சரிதான். ஏசி போட்ட படுக்கையறையில் வெப்பம் குறைந்தாலும் கதவும் சன்னலும் இரவு முழுதும் அடைத்திருக்கின்றன. குளிர்நாட்டுப் பெட்டியில் தேறிய பலகை நம் ஊர் மே மாதத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அளந்து அச்சிட்டால்தான் வாங்குபவருக்குப் பயன்.

அத்தை மகன் வீட்டுப் பெட்டிகளுக்குச் செய்ததெல்லாம், வெட்டு விளிம்புகளையும் துளைகளையும் பின்பலகையையும் ஆசாரியைக் கொண்டு மூடச் சொன்னதும், சமையலறைக்கு இனி வாங்கும் பலகை ஃபீனால் ஒட்டாக இருக்கட்டும் என்றதும்தான். சோயாப் பலகை கிடைக்குமா என்று அவன் கேட்டான். இந்தியாவில் மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் சோயா விளைவிக்கின்றன, பிண்ணாக்குக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பிண்ணாக்குக்கு நாமக்கல் கோழிகள் ஏற்கெனவே கியூவில் நிற்கின்றன. பசைக்காரர் அவற்றோடு ஏலத்தில் போட்டியிட வேண்டும். முட்டை விலையோடு பலகை விலை ஆடும் தொழிலில் யாரும் துணிந்து முதலீடு செய்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

உணவுக்குப் போட்டியில்லாத மூலப்பொருள்கள் நம்மிடம் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால், ஃபீனாலுக்குப் பகுதி மாற்றாகிறது. ஆனால் அதை இணைக்கும் கொக்கி பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடுதான் என்பதால், பெட்ரோலிய ஃபீனாலைக் குறைக்கும் வழியாகவே அதை மதிப்பிட வேண்டும். நீலகிரியிலும் பழநி மலையிலும் தோல் பதனிடும் டானினுக்காக நடப்பட்டு, இப்போது சோலைப் புல்வெளிகளுக்குள் படர்ந்திருக்கும் சீகை என்கிற வாட்டில் மரத்தின் பட்டை, 1970களிலிருந்து தென்னாப்பிரிக்காவில் பலகைப் பசையாகப் பயன்படும் அதே டானினைக் கொண்டது. டானின் தானே ஃபீனால் குடும்பம் என்பதால் மிகக் குறைந்த வெளியேற்றத்தோடு வலுவாக ஒட்டும். ஆனால் ஒழிக்க வேண்டிய மரத்தை நம்பி ஆலை அமைத்தால், ஆலைக்காக அந்த மரத்தை வைத்திருக்கச் சொல்லும் நாள் வரும். அதனால் எனக்கு அதில் தயக்கமே. மிஞ்சுவது லிக்னின். காகித ஆலைகளில் மரத்தைக் கூழாக்கியபின் மிஞ்சும் கறுப்புக் கரைசலில் அது ஏராளமாக இருக்கிறது. மரத்தில் நார்களை இயற்கையாகவே ஒட்டி வைத்திருந்த பொருள் அது. ஃபார்மால்டிஹைடுக்குப் பதில் கிளையாக்சால் என்ற வேறொரு வேதிப்பொருளைக் கொண்டு அதை இணைக்க முடியும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. காகித ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே லிக்னின் பசையின் அடக்கவிலை, அது இல்லாமல் போனால் அந்தக் கொதிகலனுக்கு ஆலை வேறு எரிபொருள் என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறது.